காய்ச்சல் போன பிறகும் போகாத தொண்டைச் சளியும் இருமலும்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் அடித்தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலச் செருமிச் செருமி, ராத்திரியானால் இருமிக்கொண்டு எழுந்து உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரங்கூனில் மழை பிடித்துவிட்டால் எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஓர் இருமல் கேட்கும். போன ஆடியில் என் முறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். குரல் போனால் வகுப்பும் போச்சு. முழுக்கச் சரியாக ஏழு வாரம் பிடித்தது. அதில் மூன்று வாரமாவது நானே இழுத்துவிட்டுக்கொண்டது.

அப்புறம் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலுமாக ஏழெட்டுப் பேருக்குக் கூடவே இருந்து பார்த்தேன். நான் மருத்துவர் இல்லை. எல்லோரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான்: கஷாயம், ஆவி, சிரப், மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்துவிட்டு, எது கேட்டது எது கெடுத்தது என்று தெரியாமல் நிற்பது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. இது உங்களுக்கான வழிகாட்டிதானா என்று பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். சளியில் ரத்தம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் சத்தம். நெஞ்சு வலி. விட்ட காய்ச்சல் திரும்பி வருவது. காரணமில்லாமல் உடம்பு இளைப்பது. இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்ப்பது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்து அது தொடர்ந்து 94க்குக் கீழே காட்டினால் அன்றைக்கே போக வேண்டும்.

கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தக் குறிகள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதலிலேயே காட்டிவிடுவது நல்லது.

எங்கள் வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு வகையில் அது இலவசப் பரிசோதனை. காய்ச்சலுக்கு முன்னால் எத்தனையாவது மாடியில் நின்று மூச்சு வாங்குவீர்கள், இப்போது எத்தனையாவதில்? நான்காவதில் நின்றவர் இப்போது இரண்டாவதிலேயே நிற்கிறார் என்றால், அதுவும் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால், தொண்டையோடு முடிகிற விஷயம் இல்லை.

விடாமல் அடுக்கடுக்காக இருமி, கடைசியில் இழுத்து மூச்சு வாங்கி வாந்தி எடுத்தால் அது கக்குவான் இருமலாக இருக்கலாம். அது பெரியவர்களுக்கும் வரும். வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் அதற்கு ஆபத்து. அதையும் காட்டிவிடுங்கள்.

2. தேதியை எழுதி வையுங்கள்

நாட்காட்டியில் இருமல் தொடங்கிய நாளை வட்டமிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் யாரும் செய்வதில்லை. ‘ஒரு மாசமா இருமுறேன்’ என்று வந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

வைரஸ் சளிக்குப் பின் வரும் இருமல் ஒரு வாரத்தில் போய்விடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் சராசரியே ஏறக்குறைய 18 நாள். சிலருக்கு மூன்று வாரம் தாண்டி எட்டு வாரம் வரைகூடப் போகும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. சளியை மேலே தள்ளிக்கொண்டு வருவது அவற்றின் வேலை. வைரஸ் அவற்றைச் சிதைத்துவிட்டுப் போகிறது. அவை திரும்ப முளைக்கிற வரைக்கும் துடைப்பம் இல்லாத வீடு மாதிரிதான். இருமல்தான் பெருக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. கூடவே தொண்டையின் நரம்பு முனைகளும் கூச்சம் கண்டு போயிருக்கும். மிளகாய் தாளிக்கிற நெடி, பஸ்ஸில் நேராக முகத்தில் அடிக்கும் ஏசி காற்று, வாய்விட்டுச் சிரிப்பது எல்லாமே இருமலைக் கிளப்புவது அதனால்தான்.

எத்தனையாவது நாள் என்று தெரிந்தால் இரண்டு லாபம். பத்தாவது நாளில் பயந்துபோய் ஆன்டிபயாட்டிக் கேட்க மாட்டீர்கள். இரண்டு வாரம் தாண்டும்போது செய்ய வேண்டிய ஒரு முக்கியமான வேலையையும் தவறவிட மாட்டீர்கள். அது 10ஆவது படியில் வருகிறது.

3. முதலில் இவற்றை வாங்கி வையுங்கள்

இருமல் வந்த நடுராத்திரியில் கரண்டும் இல்லாமல் தேடிக்கொண்டிருக்க முடியாது. நான் படுத்திருந்தபோது எல்லாமே பால்கனியில் தொங்கும் கயிற்றில் பை கட்டித்தான் மேலே வந்தது. அதனால் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்.

அயோடின் சேர்க்காத பொடி உப்பு. ஆப்ப சோடா கொஞ்சம். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு அல்லது மூக்கு கழுவுவதற்கென்றே விற்கும் பிழியும் பாட்டில். வெந்நீர் ஃபிளாஸ்க். தேன். மூடி போட்ட சின்ன டம்ளர் ஒன்று. ஒரு நோட்டும் பென்சிலும்.

கல் உப்பை மூக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். மண்ணும் தூசியும் இருக்கும், ஸ்பூனில் அளந்தாலும் அளவு நிற்காது.

4. சளி எங்கிருந்து வருகிறது என்று மூன்று நாள் கவனியுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இதுதான். தொண்டையில் சளி என்று உணர்வதெல்லாம் தொண்டையில் உண்டான சளி இல்லை. நான்கு வழிகளில் வரலாம், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

மூக்கிலிருந்து பின்பக்கமாக வழிவது ஒன்று. படுத்ததும் இருமல் வரும், காலையில் எழுந்ததும் காறித் துப்பத் தோன்றும், மூக்கு ஒரு பக்கமாவது அடைத்திருக்கும். அப்படியென்றால் 6ஆவது படி உங்களுக்கு முக்கியம்.

நெஞ்சிலிருந்து வருவது இன்னொன்று. ஆழமாக மூச்சு இழுத்தால் உள்ளே கரகரக்கும், இருமினால் உண்மையிலேயே கோழை வெளியே வரும். உங்களுக்கு 8ஆவது படி.

வயிற்றிலிருந்து அமிலம் மேலே வருவது மூன்றாவது. சாப்பிட்டவுடன் அல்லது குனிந்தால் இருமல், புளித்த ஏப்பம், காலையில் குரல் கட்டியிருப்பது. நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது வரும். இருமி இருமி வயிற்றில் அழுத்தம் கூடுவதால், முன்பு இல்லாதவர்களுக்கும் காய்ச்சலுக்குப் பிறகு இது தொடங்கலாம். 9ஆவது படியைக் கவனமாகப் படியுங்கள்.

நான்காவதுதான் ஆளை ஏமாற்றுவது. சளியே இருக்காது. நாள் முழுக்கச் செருமுவீர்கள், ஒன்றும் வராது; வந்தாலும் ஒரு பொட்டு வெள்ளையாக வரும். எரிச்சல் பட்ட தொண்டைக்கு வீக்கமும் சளி மாதிரியே தெரியும். எனக்கு இருந்தது இதுதான். இதற்கு 7ஆவது படி.

மூன்று நாளும் நோட்டில் நேரத்தையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் மட்டும் எழுதுங்கள். மூன்றாம் நாள் படித்துப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும். இரண்டு வழிகள் சேர்ந்தும் இருக்கலாம்.

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடிந்தால் அந்த மாத்திரையே வறட்டு இருமலைத் தரலாம், தொடங்கி மாதக்கணக்கான பிறகும்கூட. கீழ் வீட்டு மாமா அப்படித்தான் காய்ச்சலைக் குற்றம் சொல்லிக்கொண்டு பல வாரம் சிரப் குடித்தார். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அட்டையோடு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள், வேறு வகை மாற்றித் தருவார். மாற்றிய பிறகும் இருமல் முழுக்க அடங்கச் சில வாரம் ஆகலாம்.

5. புகையை முதலில் வெளியேற்றுங்கள்

மருந்துக்கு முன்னால் இது. புண்ணில் உப்பைத் தடவிக்கொண்டே களிம்பு போட்டு என்ன பயன்?

நம் வீடுகளில் புகைக்குக் குறைவில்லை. கொசுவத்தி, சாம்பிராணி, கரி அடுப்பு, கரண்ட் போனதும் தெருவில் வரிசையாக உறுமும் ஜெனரேட்டர்கள். கொசுவத்திக்குப் பதில் வலை கட்டுங்கள். சாம்பிராணியை ஒரு மாதம் ஒத்திவையுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் தெருப்பக்க ஜன்னலை மூடி, பின்பக்கத்தைத் திறந்து வையுங்கள். கரி அடுப்பை வாசல் பக்கமோ பால்கனிக்கோ நகர்த்துங்கள். சுருட்டும் சிகரெட்டும் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. வெற்றிலை போடுகிறவர்கள் அதையும் நிறுத்துங்கள். சுண்ணாம்பும் புகையிலையும் ஏற்கெனவே ரணமான தொண்டையில்தான் இறங்குகின்றன.

மழைக்காலத்தில் இன்னொன்று: கட்டிலை ஒட்டிய சுவரில் கறுப்புப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டிலை நகர்த்திவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். துடைப்பது இருமுகிறவர் வேலை இல்லை, வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

6. மூக்கைக் கழுவுவது

மூக்கிலிருந்து வழிகிறவர்களுக்கு இதைவிட வேகமாகக் கேட்டது எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் தப்பாகச் செய்து ‘எரியுது, எனக்கு ஆகாது’ என்று விட்டவர்களும் நிறைய.

முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரும் 20 லிட்டர் கேன் தண்ணீரும் அப்படியே மூக்குக்கு ஆகாது. குடித்தால் தீங்கு செய்யாத ஒருவகை அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறிவிடும். எப்போதாவதுதான் நடக்கும், ஆனால் நடந்தால் பிழைப்பது கடினம். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு முழு நிமிடம் கொதிக்க விடுங்கள். மேமியோ, தாவுஞ்ஜி போன்ற மலை ஊர்களில் இருப்பவர்கள் மூன்று நிமிடம் விட்டால் பாதுகாப்பு. மூடி வைத்து வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்து உப்பு. 250 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான பொடி உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. உப்பு குறைந்தாலும் எரியும், பலர் எரிகிறதே என்று இன்னும் குறைத்துவிடுகிறார்கள். உடம்பில் இருக்கும் நீரின் உப்பளவுக்கு இது கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும், அப்போதுதான் மூக்கு அதை அந்நியமாக நினைக்காது.

இனி கழுவும் முறை. வாஷ்பேசினுக்கு மேலே குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து வாயால் மூச்சு விடுங்கள். மேலே இருக்கும் மூக்குத் துளையில் சிரிஞ்சின் நுனியை வைத்து மெதுவாக அழுத்துங்கள். கீழ்த் துளை வழியாகத் தண்ணீர் வெளியே வரும். ‘ஆ’ என்று சொல்லிக்கொண்டே செய்தால் தொண்டைக்குள் இறங்காது. ஒரு பக்கத்துக்குப் பாதித் தண்ணீர் போதும். பிறகு மறுபக்கம்.

முடிந்ததும் குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்று தண்ணீர் வடியவிடுங்கள். சிந்தும்போது இரண்டு துளைகளையும் இறுக்கி மூடிச் சிந்தாதீர்கள், காதுக்குள் ஏறி வலிக்கும். ஒவ்வொரு பக்கமாக, மெதுவாக.

காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. படுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம். உள்ளே தங்கிய தண்ணீர் படுத்த பிறகு தொண்டைக்கு வழிந்து, அதுவே இருமலைக் கிளப்பும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காது வலி இருந்தாலோ மூக்கு இரண்டு பக்கமும் அடியோடு அடைத்திருந்தாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள். மருத்துவர் மூக்கு ஸ்பிரே கொடுத்திருந்தால் முதலில் கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்பிரே அடியுங்கள். மாற்றிச் செய்தால் மருந்தைக் கழுவி ஊற்றியதாகிவிடும்.

சிரிஞ்சை ஒவ்வொரு முறையும் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள். ஆளுக்கு ஒன்று. அண்ணன் தம்பி ஆனாலும் இதில் பங்கு வேண்டாம்.

7. செருமுவதை நிறுத்துங்கள்

மூன்றாவது வாரம் வகுப்பில் ஒரு பையன் சிலேட்டின் மூலையில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன். “டீச்சர் செருமுறதை எண்ணுறேன்” என்றான். நாற்பது நிமிடத்தில் 31 கோடு. அதில் ஒரு முறைகூடச் சளி வரவில்லை.

செருமும்போது குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதி உரசுகின்றன. உரசிய இடம் வீங்கும். வீங்கிய இடம் சளி ஒட்டியிருப்பது போல உணர்த்தும். அதனால் மறுபடி செருமுவோம். தொண்டை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் கோழையைச் சுரக்கும். வைரஸ் போய்விட்டது, ஆனால் இந்தச் சுழலை நாமே சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

நிறுத்துவதற்கு மனவுறுதி மட்டும் போதாது, அந்த இடத்தில் வேறொன்றைச் செய்ய வேண்டும். குறுகுறுப்பு வந்தவுடன் வாயை மூடுங்கள். மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, எச்சிலை அழுத்தி ஒரு முறை விழுங்குங்கள். உடனே வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மிடறு. பிறகு மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பது போல உதட்டைக் குவித்து விடுங்கள். மூன்று நான்கு முறை. இருமல் வரப்போகிற உணர்வுக்கும் இதே வழிதான். இருமல் வந்த பிறகு செய்தால் பயன் குறைவு; வருவதற்கு முந்தைய அந்தக் குறுகுறுப்பைப் பிடிக்கப் பழக வேண்டும். முதல் இரண்டு நாள் பத்தில் ஏழு தடவை தோற்றுப்போவீர்கள். பரவாயில்லை.

மிடறு மிடறாகக் குடிக்க நம் ஊரில் பஞ்சமே இல்லை. டீக்கடை மேசையில் காசு வாங்காமல் வைக்கிற வெறுந்தேநீரைவிட நல்ல தொண்டை மருந்து கிடையாது. பால் டீ இல்லை, அந்த வெறுந்தேநீர். ஃபிளாஸ்க்கில் ஊற்றி வகுப்புக்கே கொண்டுபோனேன். லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டியதில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் போதும். டீயோடு கடிக்கத் தரும் பனைவெல்ல உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டாலும் எச்சில் ஊறி விழுங்க வைக்கும். சர்க்கரை உள்ளவர்கள் அதை விட்டு ஒரு கிராம்பை அடக்கிக்கொள்ளலாம்.

பேச்சைக் குறையுங்கள். ஆனால் கிசுகிசுக்காதீர்கள், பலருக்கு அது சாதாரணப் பேச்சைவிடத் தொண்டையை அதிகம் இறுக்கும். தாழ்ந்த குரலில், மூச்சு விட்டு விட்டுப் பேசுங்கள்.

அந்தப் பையனையே கணக்கெடுக்க வைத்தேன். அடுத்த ஞாயிறு 19. அதற்கடுத்தது 8. அதில் இரண்டு பின்வரிசையை அடக்கச் செருமியது, அதையும் சேர்த்துத்தான் போட்டிருந்தான்.

8. நெஞ்சில் உண்மையாகவே சளி இருந்தால்

அடக்கக் கூடாது, வெளியே எடுக்க வேண்டும். ஆனால் முகம் சிவக்க இருமுவது எடுக்கிற வழி இல்லை. பலமாக இருமினால் சிறு மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்ளும், சளி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நிமிர்ந்து உட்காருங்கள். நான்கைந்து முறை சாதாரணமாக மூச்சு விடுங்கள். பிறகு வயிறு எழும்ப ஆழமாக மூன்று முறை இழுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி விடுங்கள். சளிக்குப் பின்பக்கம் காற்று போய்ச் சேருவதற்காக இந்த நிறுத்தம். அடுத்து நடுத்தர அளவு மூச்சு இழுத்து, வாயை நன்றாகத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அதே மாதிரி ‘ஹா’ என்று ஊதித் தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை. சளி மேலே வந்துவிட்டது என்று தெரிந்தால் அப்போது ஒரே ஓர் இருமல். துப்புங்கள். ஓய்வு.

காலையிலும் சாயங்காலமும் பத்துப் பத்து நிமிடம். அதற்கு முன்னால் ஏதாவது சூடாகக் குடித்தால் இளகும். தலை சுற்றினால் நிறுத்துங்கள்.

மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் உடனே கிருமி, ஆன்டிபயாட்டிக் என்று ஓடுகிறார்கள். அந்த நிறம் நம் வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு நொதியிலிருந்து வருவது. வைரஸிலும் அப்படித்தான் வரும். நிறம் மட்டும் எதையும் நிரூபிக்காது.

9. ராத்திரிக்குத் தனியாகத் தயாராகுங்கள்

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. எட்டு மணிக்கு அத்தோ சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்குச் சாய்ந்தால் எண்ணெயும் புளியும் தொண்டைக்குத்தான் திரும்பி வரும். தலையணையை அடுக்காதீர்கள், கழுத்து மட்டும் மடங்கி வயிறு இன்னும் அமுங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தரையில் படுக்கிறவர்கள் மெத்தைக்கு அடியில் முதுகிலிருந்தே சரிவாக ஏறும்படி போர்வைகளை மடித்து வைக்கலாம்.

படுக்க அரை மணி நேரம் முன்பு ஒரு டீஸ்பூன் தேன். இரவு இருமலுக்குத் தேன் உதவும் என்பது ஆராய்ந்து பார்த்த விஷயம்தான். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அவர்கள் குடலில் நஞ்சை உண்டாக்கும். மஞ்சள் பால் பிடித்தால் குடியுங்கள். பால் சளியைக் கூட்டுவதில்லை, எச்சிலைக் கொஞ்சம் கெட்டியாக உணர வைக்கும், அவ்வளவுதான். அந்த உணர்வு தொந்தரவு செய்தால் விட்டுவிடுங்கள்.

ஆவி பிடிப்பதைப் பற்றி என் அத்தையோடு இன்னும் சண்டை. பிடிக்கும்போது இதமாக இருக்கும், மறுக்கவில்லை. நோயின் நாட்களைக் குறைப்பதாகத் தெரியவில்லை. கொதிக்கும் பானை கவிழ்ந்து தொடை வெந்துபோவதோ அடிக்கடி நடப்பது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் பிடித்தே தீருவேன் என்றால் பானையைத் தரையில் அசையாமல் வைத்து, வெறும் தண்ணீரில் பிடியுங்கள். தைலத்தையும் கற்பூரத்தையும் கொட்டினால் கூச்சம் கண்ட தொண்டைக்கு அதுவே இன்னொரு புகை.

10. மருந்தும், இரண்டு வாரம் தாண்டினால் செய்ய வேண்டியதும்

இதுவரை சொன்னதை ஒரு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகுதான் மருந்தைப் பற்றி யோசியுங்கள்.

மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக் கட்டித் தரும் பொட்டலத்தை வாங்காதீர்கள். எனக்கும் அப்படி ஒரு பொட்டலம் கயிற்றில் ஏறி வந்தது. இரண்டு நாளில் இருமல் பறந்தது, நிறுத்தியதும் இரு மடங்காகத் திரும்பியது. உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பொட்டலங்களில் ஸ்டீராய்டும் இருக்கலாம். பெயர் எழுதிய அட்டையில் இல்லாத மாத்திரையை விழுங்காதீர்கள்.

வறட்டு இருமல் தூக்கத்தைக் கெடுத்தால் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள சிரப்பைச் சில இரவுகளுக்கு எடுக்கலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. கோடீன் சிரப் பிள்ளைகளுக்கு ஆகாது, பெரியவர்களுக்கும் பழக்கமாகிவிடும். மூக்கடைப்புக்கு விடும் ஆக்ஸிமெட்டாசொலின், சைலோமெட்டாசொலின் சொட்டு மருந்துகளை மூன்று, மிஞ்சினால் ஐந்து நாளோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

கைவைத்தியத்தில் சுக்கும் துளசியும் கற்பூரவள்ளியும் சூடாகக் குடிக்க ஒரு சாக்கு, நல்லதுதான். அதிமதுரத்தை மட்டும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நாள்தோறும் சுவைக்காதீர்கள், அது கொதிப்பை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

இப்போது அந்த இரண்டு வாரம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் டிபி அதிகமுள்ள 30 நாடுகளில் மியன்மாரும் ஒன்று. அதனால் இங்கே இருமல் இரண்டு வாரம் தாண்டினால், ‘காய்ச்சலுக்குப் பின் வந்ததுதானே’ என்று எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், சளி பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு டிபி மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் சாதாரண வகைக்கு ஆறு மாத மருந்தில் குணமாகும். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடும் என்று மறைத்து வைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

சளியைச் சரியாகக் கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. காலையில் சாப்பிடுவதற்கு முன்பு, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் தனியாக நின்று, 8ஆவது படியில் சொன்ன மூச்சைச் செய்து நெஞ்சிலிருந்து எடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் முடிவு தப்பாக வரலாம். இந்தப் பரிசோதனைக்கு முன்னால் லீவோஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை நீங்களாக வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அவை டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும்.

பரிசோதனை சுத்தமாக வந்தாலும் எட்டு வாரம் தாண்டி இருமினால் எக்ஸ்ரேயும், ஆஸ்துமா இருக்கிறதா என்ற சோதனையும் தேவைப்படும். விட்டுவிடாதீர்கள்.

11. குறைய ஆரம்பித்ததும் எதை எப்போது நிறுத்துவது

நான்கு நாள் நன்றாகத் தூங்கியதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவதுதான் கடைசித் தப்பு. முதலில் சிரப்பை நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து மூக்குக் கழுவுவதை ஒரு வேளையாக்குங்கள், இன்னொரு வாரத்தில் விட்டுவிடலாம். தேன், கட்டில் செங்கல், வெறுந்தேநீர் மூன்றையும் இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குரலை வைத்துப் பிழைப்பவர்கள் முதல் வாரம் வழக்கமான நேரத்தில் பாதி மட்டும் பேசுங்கள். கோயிலில் பாடுகிறவர்கள் உச்சஸ்தாயியை அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.

நடுவில் ஒரு நாள் தூசியிலோ கல்யாண வீட்டுச் சமையல் நெடியிலோ மாட்டி இருமல் திரும்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு நாள் 5ஆவது, 7ஆவது படிகளை மட்டும் செய்யுங்கள். கூடவே காய்ச்சலும் வந்தால் அது புதுச் சளியாக இருக்கலாம், ஆனாலும் 1ஆவது படியில் சொன்னபடி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாட்காட்டியில் புதிதாக ஒரு வட்டம் போடுங்கள். பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.